கிரைண்டருக்கு எர்த்

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் காலை பஸ். முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் இருவர். இளையவர் திடீரென்று சொன்னார்:

"எங்க வீட்ல டெஸ்டரே நாந்தான் அண்ணாச்சி."

"என்னலே சொல்ற?"

"கிரைண்டர் ஷாக் அடிக்குன்னு எங்க வீட்டுக்காரி ஒரு மாசமாச் சொன்னா. 'பளைய வீடுதான், ஆனா எர்த்து இரும்புக் குழாயில நானே கட்டுனது, ஒனக்குத்தான் பயம்'னேன். முந்தாநேத்து நான் மாவள்ளப் போனேன், தூக்கி எறிஞ்சிருச்சு."

"ஒயர் அந்துபோச்சா?"

"அதெல்லாம் அறல. போன வருசம் குழாய பிளாஸ்டிக்கா மாத்துனேம்லா? அந்த ஒயர திரும்பவும் அதுலயே இறுக்கிக் கட்டியிருக்கேன்."

பெரியவர் சிரித்து முடிக்க ஒரு நிறுத்தம் ஆயிற்று.

"மருந்து ரூமுக்குள்ள போறவனையெல்லாம் மறிச்சி, 'வாசல் செம்புத் தகட்டத் தொட்டியா, ஒடம்புக் கரண்டு மண்ணுல எறங்குச்சா'ன்னு அதட்டுறவன் நீ!"

"அதே வாய்தான் வீட்லயும் பேசுச்சு."

"இப்பச் சரி பண்ணிட்டியா?"

"நேத்தே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புப் பைப்ப எறக்கி, ஒயர அதுல கட்டிட்டேன். காலையில சுவிட்சப் போட்டுட்டு அவ தள்ளி நின்னுக்கிட்டா. 'மொதல்ல நீங்க தொடுங்க'ன்னா."

"தொட்டியா?"

"கைய நீட்டுனேன். 'செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க'ன்னா."