நாலு தரம் தோற்ற அண்ணன்

புருசெத் புறநகரிலிருந்து நகர மையத்துக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் மாநகரத் தேர்தல் அலுவலகத்தின் கடிதம். ஒரு கட்சி அவள் பெயரை வேட்பாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறது; வேண்டாமென்றால் குறித்த நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். பலருக்கு வாசித்துச் சொல்லிப் பழகியதால், இத்தகைய கடிதங்களை எனக்குத் தலைகீழாகவும் வாசிக்க வரும்.

"இண்டைக்குத்தான் கடைசி நாள். பேரை வெட்டச் சொல்லி எழுதிக் குடு, சுகந்தி. தோத்தால் சனம் சிரிக்கும்," என்றாள் மூத்தவள்.

"என்ர அண்ணன் கனடாவில நாலு தரம் தோத்தவர், அக்கா."

"அவர் கட்சித் தலைவரெண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம், மாகாணக் கட்சியின்ர தலைவர்தான். சின்னக் கட்சி. அவரும் தோத்தார், கட்சியும் தோத்தது."

"இதையும் பெருமையாச் சொல்லுறாய்."

"பின்னை? நாலு தரமும் வெண்டவருக்குப் போன் எடுத்து வாழ்த்திப்போட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போனவர். ஒருத்தரும் துவக்கோட அவரைத் தேடி வீட்டை வரேல்லை. எங்கட ஊரில தேர்தலில நிண்ட ஆருக்கு அப்பிடி அமைஞ்சது?"

குறொன்லாண்ட் நிலையத்தில் இறங்க எழுந்த மூத்தவள் கேட்டாள்.

"பட்டியலில நீ எத்தினையாவது?"

"கடைசி. வோட்டுச் சீட்டில பேருக்குப் பக்கத்தில சனம் புள்ளடி போட்டால் மேல வரலாம்."

"சரி. எங்கட வீட்டில நாலு வோட்டு இருக்கு. உன்ர பேருக்குப் பக்கத்தில எப்பிடிப் புள்ளடி போடுறதெண்டு வந்து காட்டித் தா."