நேரம் தவறிய கோளும் அதன் எமனும்

தலைமை நாற்காலியைத் தகுதியாலும் தோற்றத்தாலும் ஒருசேர நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நான் ஒலிவாங்கியைத் தொட்ட நொடியிலிருந்தே, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! முழங்கால் வலியை வீட்டிலேயே விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கும் மூத்தோர்களே! வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தும், "இவன் என்னதான் சொல்கிறான், பார்ப்போமே" என்று வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியில் தலை கவிழ்ந்து, உலகம் முழுவதோடும் உரையாடிக்கொண்டே என்னோடு மட்டும் உரையாடாமல் கடைசி வரிசையில் வீற்றிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில், வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியவள் என் தங்கை. அது அவள் தொழில். நானோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அழைக்கப் போனவர்களிடம் அவள், "எனக்கு வேலை தலைக்கு மேல இருக்கு, எங்க அண்ணனைக் கூப்பிடுங்க, பேச மட்டும்தான் அவருக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். தங்கை வாயால் இவ்வளவு பெரிய பாராட்டு பெற்ற அண்ணன் இந்த ஊரில் வேறு யாரும் இருக்கிறார்களா, தெரியவில்லை.

பெரியோர்களே! நாம் பள்ளியில் படித்தபோது கோள்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணினோம். ஒரு விரல் மிச்சம் இருந்தது. பிறகு அதிலும் ஒன்றைத் தகுதி போதாது என்று தள்ளிவிட்டார்கள். நம் சூரியனைப் போன்ற வேறொரு சூரியனை ஒரு கோள் சுற்றுகிறது என்று முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்று? ஆறாயிரத்துக்கும் மேலே போய்விட்டது கணக்கு! புறக்கோள்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

எப்படிப்பட்ட கோள்கள்! தன் சூரியனை ஒரே பகலுக்குள் சுற்றி முடித்துவிடும் கோள் இருக்கிறது. அங்கே காலையில் பிறந்த குழந்தைக்கு மாலைக்குள் ஒரு வயது. இரண்டு சூரியன்கள் உதிக்கும் கோள் இருக்கிறது. பஞ்சு மிட்டாயைப் போல ஊதி, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் மிதக்கும் கோள் இருக்கிறது. தனக்கென்று ஒரு சூரியனே இல்லாமல் இருட்டில் தன்பாட்டுக்கு அலையும் கோள்களும் இருக்கின்றன. ஒரு கோளின் காற்றை ஆராய்ந்து, அதில் அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும் வாயு கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒளியே பல பத்தாண்டுகள் நடந்து வந்துசேரும் தூரத்தில் இருக்கும் நாற்றம், ஐயா! நம் தெருமுனைக் குப்பைத்தொட்டியின் நாற்றம் நகராட்சிக்கு இன்னும் எட்டவில்லை.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? அங்கே ஆள் இருக்கிறார்களா என்றா? எல்லாரும் கேட்கும் கேள்வி அதுதான். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத அடுக்ககவாசிகள்தான் அதை அதிக ஆவலோடு கேட்கிறார்கள். தெரியாது அம்மா. இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்காகவே என் தங்கையின் ஆராய்ச்சிக் குழுவினர் ஒரு பதவியை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதவியின் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், கோளைக் காண்பது எப்படி? காண்பதில்லை! அதுதான் வியப்பு. விண்மீனின் வெளிச்சத்தில் கோள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது தன் சூரியனுக்கு முன்னால் குறுக்கே போகும்போது அந்த வெளிச்சம் துளியளவு குறையும். இந்த மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் எரிகின்றன என்று வையுங்கள். அதில் ஒன்றே ஒன்றை அணைத்தால் எவ்வளவு குறையுமோ, அவ்வளவு. கொஞ்ச நேரத்தில் மீண்டும் பழையபடி ஆகிவிடும். சில நாள் கழித்து மறுபடி குறையும். அந்த மங்கலை வைத்து, குறுக்கே போனது எவ்வளவு பெரியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். முகத்தைப் பார்க்காமல், வாசலில் விழுந்த நிழலை வைத்து வந்தவரை அடையாளம் சொல்கிறார்கள்!

என் தங்கை அப்படி ஒரு கோளைக் கண்டாள். பல ஆண்டு உழைப்பு. அது உண்மையான கோள் என்று உறுதியானால், விண்வெளியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி அவளுக்காகச் சில மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பும். கோளின் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். உறுதியாகவில்லை என்றால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். உழைத்த ஆண்டுகளும் அதோடு போய்விடும்.

இப்போது அந்தப் பதவிக்கு வருகிறேன். அவர்கள் குழுவில் ஒரு வழக்கம். யாராவது ஒரு கோளைக் கண்டேன் என்றால், அது கோளே இல்லை என்று நிரூபிப்பதற்கென்றே குழுவிலிருந்து இன்னொருவரை நியமிப்பார்கள். இரக்கமே காட்டக் கூடாது. அந்தப் பதவிக்கு எமன் என்று பெயர். குழுவின் தலைவி ஓர் அம்மையார். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை ஹெட்மிஸ்ட்ரஸ் என்பார்கள். அவர் என் தங்கையின் கோளுக்கு யாரை எமனாக நியமித்தார் தெரியுமா?

அவள் கணவரை.

"மேடம், வேற ஆளே இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள் தங்கை.

"வெளியாள் சந்தேகப்பட்டா மரியாதைக்குக் கொஞ்சம் சந்தேகப்பட்டுட்டு விட்டுடுவாங்கம்மா. வீட்டுக்காரர்தான் முழுசா சந்தேகப்படுவார்" என்றாராம் அம்மையார்.

தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள். நான் மேற்கொண்டு விளக்கப் போவதில்லை.

அந்த நாள்களில் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். கண்ணுக்கு முன்னால் நடந்தது. காலையில் என் மாப்பிள்ளை அவளுக்குக் காப்பி கலந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, "உன் கோள் ஒருவேளை கேமராக் கோளாறா இருக்கலாம்" என்பார். அவள் காப்பியைக் குடித்துவிட்டு, இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுவாள். அடுத்த வாரம், "அந்த விண்மீன் மேலேயே கரும்புள்ளி இருந்து, அது சுத்தி வர்றப்ப மங்குதோ என்னவோ" என்பார். அதற்கும் பதில் வந்தது. "பின்னாடி வேற ரெண்டு விண்மீன் ஒண்ணை ஒண்ணு மறைக்குதோ?" அதையும் பார்த்து, இல்லை என்று ஆனது. கோள் பிழைத்துக்கொண்டே வந்தது. காப்பிதான் நாளுக்கு நாள் கசந்தது.

செய்தி எங்கள் அம்மாவுக்குப் போயிற்று. தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்பிள்ளை, ஆறாயிரம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒழிச்சுக் கட்டறதுக்கு உங்க பொண்டாட்டியோடதுதான் கெடச்சுதா?"

"அத்தே, இது ஆபீஸ் வேலை."

"உங்க மாமாவும்தான் ஆபீஸ்ல வேலை பார்த்தாரு. ஒரு நாளாவது என் சமையலை இல்லைன்னு நிரூபிச்சிருப்பாரா?"

"இருக்குன்னும் அவர் சொன்னதில்லையே அத்தே."

அதன் பிறகு இரண்டு வாரம் அம்மா அவரோடு பேசவில்லை.

அப்போதுதான் என் மாப்பிள்ளை அந்தக் குறையைக் கண்டுபிடித்தார். ஒரு மாலை. சாப்பாட்டு மேசை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். கோள் என்றால் நேரம் தவறக் கூடாது. சூரியனைச் சுற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. போக்குவரத்து நெரிசல் கிடையாது, வழியில் தெரிந்தவர்கள் கிடையாது. ஆனால் தங்கையின் கோள் ஒருமுறை முந்தி வந்தது. இன்னொருமுறை பிந்தி வந்தது. இது எப்படிக் கோள் ஆகும்?

அவள் திரையில் இருந்த நேரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு, "கூட இன்னொரு கோள் இருந்து இதை இழுத்தா, இப்படி முன்னப்பின்ன ஆகும்" என்றாள்.

"ஆகும். தெரியும். அந்த இன்னொண்ணு எங்க?"

"அது குறுக்க வராத பாதையில இருக்கலாம். நிழல் விழாது."

"அப்ப அதைப் பார்க்கவே முடியாது. உன் கோளைக் காப்பாத்த, கண்ணுக்கே தெரியாத இன்னொரு கோளைச் சாட்சிக்குக் கூப்பிடறே. என்னை வெச்சுக்கிட்டு இதைச் செய்யாதே."

"நீங்க இப்ப என் புருஷனா பேசறீங்களா, எமனாப் பேசறீங்களா?"

"எமனாத்தான். புருஷனாப் பேசியிருந்தா எப்பவோ விட்டிருப்பேன்."

நான் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். வெகுநேரம் குடித்தேன்.

சபையோரே! அவள் அழுதாளா? இல்லை. அம்மா வீட்டுக்குக் கிளம்பினாளா? இல்லை. கணக்குப் போட்டாள்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோள் உண்மையில் இருந்தால் அது எவ்வளவு கனம், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டாள். கடைசியில் ஒரு வாக்கியம் எழுதி ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுத்தாள்: "என் கோள் அடுத்தமுறை அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வரும். நேரத்துக்கு வந்துவிட்டால் நான் என் கோளைக் கைவிடுகிறேன்."

கவனியுங்கள். நாம் எல்லாரும் நம் கருத்தைக் காப்பாற்ற என்ன செய்வோம்? யாராலும் பிடிக்க முடியாதபடி வழவழவென்று சொல்லி வைப்போம். "நல்லது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்போம். அவளோ தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே அளந்து, எமனை ஏவியவர் கையிலேயே கொடுத்தாள்.

அந்த நாள் வந்தது. அம்மையாருக்குப் புதுக் கண்ணாடி கொடுக்கப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சின்ன அறை. குளிரூட்டி குளிரைத் தராமல் உறுமிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பட்டப்பகல். பூமியின் மறுபக்கத்தில், இரவு கவிந்த ஒரு மலையுச்சியில் இருந்த தொலைநோக்கி பார்த்துப் பார்த்து அனுப்ப, அந்த விண்மீனின் வெளிச்ச அளவு திரையில் புள்ளி புள்ளியாக வந்து விழுந்தது. புள்ளிகள் ஒரே மட்டத்தில் போனால் வெளிச்சம் குறையவில்லை என்று பொருள்.

வழக்கமான நேரம் வந்தது. புள்ளிகள் மட்டமாகவே போயின.

"இன்னும் வரலை" என்றார் ஒருவர்.

"வராததுதானேய்யா நல்லது!" என்று அதட்டினார் அம்மையார்.

இன்னும் புள்ளிகள். இன்னும் மட்டம். தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. எமன் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "வராதே... இப்ப வராதே... கொஞ்சம் பொறு..."

அரை மணி கடந்தது. ஒரு புள்ளி இறங்கியது. அடுத்தது அதற்கும் கீழே. அடுத்தது இன்னும் கீழே! அவள் சொன்ன நேரத்தில், அவள் சொன்ன தாமதத்தில், ஆயிரத்தில் ஒரு விளக்கு அணைந்தது!

அந்த அறையில் எழுந்த கைதட்டலை என்னவென்பேன்! தாமதமாக வந்ததற்காக இவ்வளவு கைதட்டல் வாங்கிய எதையும் நான் கண்டதில்லை. தலைவர் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் கோளைத்தான் சொல்கிறேன்.

இதை எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே! அந்தக் கோள் தாமதமாக வந்தது அன்றைக்கா? அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது இந்த மண்டபம் இல்லை. இதைக் கட்டியவர் இல்லை, கட்டியவரின் பாட்டன் இல்லை. எப்போதோ நடந்து முடிந்துவிட்ட ஒரு தாமதத்தை, அதன் செய்தி இன்னும் வழியில் நடந்து வந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பெண் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கிட்டுச் சொல்லிவிட்டாள்! அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. அந்த இரண்டாவது கோள்! ஒளி தராத கோள், நிழலும் தராத கோள். எந்தக் கண்ணாடியும், எந்தக் கருவியும், எந்தக் கண்ணும் காணாத கோள். தன் உடன்பிறப்பின் கையைப் பிடித்துச் சற்றே இழுத்தது, அவ்வளவுதான் அது செய்தது. அந்த இழுப்பு இத்தனை தொலைவு கடந்து வந்து, ஒரு சின்ன அறையில் தன் இருப்பைச் சொல்லிவிட்டது.

காணாததை நம்புகிறவர்கள் உலகில் உண்டு. காணாததால் மறுக்கிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இரவில் நல்ல தூக்கம் வரும். "நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன், கணக்கைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்; பொய்த்தால் விட்டுவிடுவேன்" என்று மூன்றாவதாக ஒரு சாரார் இருக்கிறார்களே, அவர்களால்தான் வானம் பெரிதாகிக்கொண்டே போகிறது!

கைதட்டல் அடங்கியது. என் மாப்பிள்ளை எழுந்து, "மேடம், ஒண்ணை ஒழிக்கச் சொன்னீங்க. இப்ப ரெண்டாயிடுச்சு. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை" என்றார்.

"முதல் கோளுக்கு எமன் வேலை முடிஞ்சுது. பெரிய தொலைநோக்கிக்கு எழுதிடலாம்" என்றார் அம்மையார். புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ரெண்டாவது கோள், வீட்டுக்காரரோட சந்தேகத்துல கெடச்சது. அது அவர் பேர்ல இருக்கட்டும். ஒரு தடவை கணக்கு சரியா வந்ததுன்னு அதை நம்பிட முடியாது. அதுக்கு யாரு எமன்?"

கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்த என் தங்கை, துடைத்த அதே கையை உயர்த்தினாள்.

"நான் பண்றேன் மேடம். முழுசாப் பண்றேன்."

என் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை அன்பை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

அவள் இன்று இங்கே வராததற்கு அந்த வேலைதான் காரணம். இடையில் ஒருவரும் எழுந்து போகாமல் கேட்டதற்கு உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் மணியை அடிக்காமல் பொறுத்த செயலாளருக்கும், என் நெஞ்சு நிறைந்த நன்றி. வெளியே போகும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். உங்கள் எல்லாருக்கும், அங்கே யாராவது இருந்தால் அவர்களுக்கும், என் வணக்கம்!