ஒரு சொட்டு போதும்

இந்த மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு ரொம்ப நாளாகிறது போலிருக்கிறது, சார். பரவாயில்லை, கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

மருத்துவமனை ஆய்வகத்தில், ரத்தத்திலும் எச்சிலிலும் கலந்திருக்கும் மருந்தைப் பிரித்தெடுப்பது என் வேலை. முன்பெல்லாம் குழாய் நிறைய ரத்தம் வேண்டும். இப்போது ஒரு சொட்டு போதும். முடிபோல மெல்லிய இழையை அதில் நனைத்தால், மருந்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு கருவி அளவைச் சொல்லும்.

என் தங்கையைக் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். போன வருஷம் வெளியூரில் வேலை கிடைத்ததென்று பெட்டி கட்டினாள். கிளம்புகிற அன்று பாலில் கொஞ்சம் தூக்க மருந்து கலந்தேன். ரயில் போய்விட்டது.

"எனக்கு என்னமோ ஆயிருச்சுக்கா. நல்லவேளை, நீ பக்கத்துல இருந்தே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு எப்படி சார் நிறுத்துவது?

அந்த அலுவலகத்துக்கு நானே போன் செய்து, அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய் இல்லையே.

ஏனோதானோவென்று நான் கொடுக்கவில்லை. தூக்கத்தில் அவள் கடைவாயில் வழிவதைப் பஞ்சில் தொட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப்போவேன். அளவு ஏறியிருந்தால் அன்றைக்கே குறைப்பேன். தானாகக் குளிப்பாள், சாப்பிடுவாள். வாசல்வரை நடப்பாள். ஒரு கால் செருப்பை மாட்டியதும் அசந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.

"அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்பாள்.

"சீ, அசடு. கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான்" என்று தலையைக் கோதிவிடுவேன்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரே நெருக்கடி. குட்டியின் எச்சிலில் நனைத்த இழையைச் சுத்தம் செய்யாமல் ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தில் நனைத்துவிட்டேன். பரிசோதனை முடிவில் தூக்க மருந்து இருப்பதாக வந்தது. அழுகிற பிள்ளைக்கு மருந்து கொடுத்தாள் என்று அதன் தாயை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். குழந்தை ரத்தத்தில் ஒன்றுமே இல்லை, சார். அது என் தங்கைக்கு நான் கொடுத்த மருந்து. வேண்டுமானால் இன்னொரு சொட்டு எடுத்துப் பாருங்கள்.

வரும்போது பக்கத்து அறையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பாவமும் அறியாதவளை இப்படி அடைத்துவைக்க உங்களுக்கெல்லாம் எப்படித்தான் மனசு வருகிறதோ.