முப்பத்தேழாம் எண் நட்சத்திரம்

– நீ அளந்த எண்பத்து நாலு நட்சத்திரத்துல எண்பத்து மூணு அப்படியே நிக்குதுக்கா. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுதான் அங்க இங்க. புது மெஷினை வச்சு அளந்த பசங்களுக்குப் பேச்சே வரல.

– பேச்சு வரலைன்னா நல்லதுதான், கொஞ்ச நேரம் வேலை பாப்பாங்க. நகர்ந்து நில்லுடா, அந்தச் சிவப்புப் பெயிண்ட் டப்பா இன்னும் மூடல. சட்டையில பட்டா போகாது. ஆறு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்தது இதைச் சொல்லவா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

– போன்ல சொல்ற விஷயம் இல்லக்கா.

– மேடம், நம்ம ஹால் பெயிண்ட் ஆச்சா? அங்க வீட்டுக்காரம்மா வாசல்லயே நிக்குது.

– அஞ்சே நிமிஷம் மேஸ்திரி, மெஷின் குலுக்கிக்கிட்டிருக்கு பாருங்க. இவன் என் தம்பி. நட்சத்திரம் பாக்குற ஆபீஸ்ல இப்ப இவன்தான் தலைவர்.

– அப்படியா சார்! அங்க உக்காந்து என்னத்தைப் பாப்பீங்க?

– இப்போதைக்கு உங்க மேடம் செஞ்ச வேலையைத்தான் பாக்குறோம். இந்தக் கடை போடறதுக்கு முன்னாடி அவங்களும் அங்கதான் இருந்தாங்க. ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம்னு அளந்து எழுதுவாங்க.

– நட்சத்திரத்துக்கு நிறமா? எல்லாம் வெள்ளையால்ல இருக்கு?

– எல்லா வெள்ளையும் ஒண்ணுதான்னு வாசல்ல நிக்கிற அந்த வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிப் பாருங்களேன் மேஸ்திரி.

– ஐயோ, ஏன் மேடம் கேக்குறீங்க! பால் வெள்ளை, முத்து வெள்ளை, சங்கு வெள்ளைன்னு ஷேட் கார்டை விரிச்சு வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்குது.

– அதே கதைதான் அங்கயும். ஒரே நட்சத்திரத்தை நீலக் கண்ணாடி வழியா ஒரு தடவை, மஞ்சள் வழியா ஒரு தடவை, சிவப்பு வழியா ஒரு தடவை அளக்கணும். நீலத்துல நிறைய வெளிச்சம் வந்தா அது நல்ல சூடான நட்சத்திரம். சிவப்புல நிறைய வந்தா சூடு கம்மி.

– நீலம் குளிர்ச்சின்னு சொல்லித்தானே மேடம் நான் பெட்ரூமுக்கெல்லாம் அடிச்சுத் தள்றேன்?

– சுவத்துல குளிர்ச்சி. மேல நேர்மாறு. இந்தாங்க, ஆயிடுச்சு. மூடியில ஒரு பொட்டு வச்சிருக்கேன். காய்ஞ்சப்புறம் காட்டுங்க, ஈரத்துல காட்டிட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

– உங்க கையில கலர் என்னைக்கு மேடம் தப்பியிருக்கு? பாதிச் சுவத்துல டப்பா தீந்து வந்தப்ப, மெஷின் போட்ட கணக்கையே தப்புன்னு திருத்தி விட்டீங்களே. எங்க நிறுத்தினேன், எங்க ஆரம்பிச்சேன்னு அடிச்ச எனக்கே இன்னிவரைக்கும் தெரியாது சார். வரேன்.

– அவரு சொல்றதைத்தான் எங்க பசங்களும் சொல்றாங்க. "அந்தம்மா கையில அப்படி என்ன சார் இருந்துச்சு"ன்னு கேக்குறாங்க.

– கையைப் பத்தின பேச்சு வேண்டாம். எண்பத்து மூணு சரி. மிச்சம் ஒண்ணு?

– முப்பத்தேழு.

– ம்.

– உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?

– கடையில உக்காந்து ஆச்சரியப்பட்டா வியாபாரம் கெட்டுடும். மேல சொல்லு.

– எங்க பட்டியல்ல அறுபத்தோராயிரம் நட்சத்திரம்க்கா. அத்தனையும் உன் எண்பத்து நாலை எடைக்கல்லா வச்சு நிறுத்ததுதான். அதுல ஒரு மூலையில இருக்கிற முன்னூத்துப் பன்னெண்டு மட்டும் சொல்லி வச்ச மாதிரி இருக்க வேண்டியதை விடச் சிவப்பா வருது. நீலக் கண்ணாடியில நூத்துல ஆறு பங்கு குறையுது.

– சிவப்புக் கண்ணாடியில ரெண்டா?

– ரெண்டேதான்! எப்படிச் சொன்னே?

– ஒரு குத்துமதிப்புதான். அந்த மூலைக்கு எடைக்கல் முப்பத்தேழுதானே. முன்னூத்துப் பன்னெண்டு பேரும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்லமாட்டாங்கடா. எடைக்கல் கனத்துப் போச்சு, அதான் சரக்கெல்லாம் குறைச்சலாத் தெரியுது. முப்பத்தேழு முன்னைவிடப் பிரகாசமாயிருக்கு, நீலமாயிருக்கு.

– நாங்க ஆறு பேர் மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். நீ ஒரு டப்பாவைக் குலுக்கி எடுக்கிற நேரத்துல சொல்லிட்டே.

– ஆறு பேர் சேந்தா அப்படித்தான் ஆகும்.

– இதுல ஒண்ணு தப்புன்னா மத்ததை மட்டும் எப்படி நம்புறது, அந்தம்மா பட்டியலையே தூக்கிடலாம்னு பசங்க ஒரே பிடியா நின்னாங்க. பழைய நோட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நானே கீழ்த்தளத்துல இறங்கித் தேடினேன். இந்தா.

– ஐயோ, என் நோட்டு! எலி விட்டு வச்சுதா?

– அட்டையை மட்டும் தின்னுருக்கு. உள்ள எழுத்து முத்து முத்தா இருக்கு. நாலு நாளா இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். "மெல்லிய மேகம். இதுக்குக் கீழ எழுதினதை நம்பாதீங்க." "கண்ணாடியில பனி. துடைச்சிட்டு முதல்லேருந்து அளந்தேன்." "இன்னைக்கு எனக்குக் காய்ச்சல். இந்தப் பக்கம் முழுக்கச் சந்தேகம்." தன் வேலையைத் தானே இப்படிக் காட்டிக்கொடுக்கிற ஆளை நான் பாத்ததே இல்லக்கா. எத்தனையோ அறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்படி ஒரு வரி எழுதினதில்ல.

– உனக்குக் காய்ச்சல் வந்தா ஊருக்கே தெரியும், எழுத வேற செய்யணுமா?

– கிண்டல் பண்ணாம இதுக்குப் பதில் சொல்லு. மத்த நட்சத்திரத்தையெல்லாம் நாப்பது தடவை அளந்திருக்கே. இதை மட்டும் இருநூத்துப் பன்னெண்டு தடவை. ஏன்?

– ஏறிக்கிட்டே இருந்துச்சுடா. வருஷத்துக்கு ஆயிரத்துல மூணு, நாலு. அது ஏறுதா, நான் தப்பு பண்றேனான்னு புரியல. புரியணும்னு ஆறு வருஷம் அளந்தேன். அப்ப தலைவரா இருந்த பெரியவர் ஒரு நாள் கூப்பிட்டார். "கருவியோட ஊசித் துளைக்கு நேரா நட்சத்திரத்தை நிறுத்த நிதானம் வேணும்மா, உன் கை சரியில்ல"ன்னார். மறுநாள் என்னைக் கோப்பு அறைக்கு மாத்திட்டாங்க. மூணு மாசம் தூசி தட்டினேன். எழுதிக் கொடுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

– உன் கை சரியாத்தான் இருந்துச்சு. நட்சத்திரம்தான் மாறிக்கிட்டிருந்துச்சு. வருஷா வருஷம் சூடேறிக்கிட்டே வருதுக்கா அது! மனுஷ ஆயுசுக்குள்ள ஒரு நட்சத்திரம் இப்படி மாறுறதை நேர்ல பிடிக்கிறவங்க எத்தனை பேர் இருப்பாங்க? நீ ஒத்தை ஆளா, அந்தக் காலத்துக் கருவியில, கையால திருகித் திருகிப் பிடிச்சிருக்கே. எங்க பட்டியல்லயே பெரிய விஷயம் அந்த ஒரு வரிதான். அதைத்தான் தப்புன்னு அடிக்க இருந்தோம்.

– சரி, சொல்லிட்டே. சந்தோஷம். இதையும் போன்லயே சொல்லியிருக்கலாம்.

– இன்னும் சொல்லல. பெரியவர் உன் கையை எப்பவாவது பாத்தாரா?

– அவர் எங்க தொலைநோக்கிப் பக்கம் வந்தார்?

– என்னைத்தான் கேட்டாரு. நான் அப்ப உன் எண்ணையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருந்த மாணவன். "கூடவே இருக்கியே, இது ஏன் ஏறுது?"ன்னாரு. நட்சத்திரம் மாறுதோ என்னவோன்னு சொல்லியிருந்தா பட்டியல் இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். என் பட்டம் அதுலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு. "அக்காவுக்குக் கை நடுங்குது சார்"னு சொல்லிட்டேன்.

– அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு.

– திட்டுக்கா.

– சும்மா இரு.

– ஏதாவது ஒரு வார்த்தை...

– சும்மா இருடான்னேன். பதினாலு வருஷத்தை நான் மறுபடி முதல்லேருந்து யோசிக்க வேண்டாமா? கோப்பு அறையில எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது நீதானே. "விடுக்கா, உடம்பைப் பாத்துக்கோ"ன்னு சொன்னியே.

– சொன்னேன்.

– அந்தத் தின்னர் டப்பா மூடியை இப்படிக் கொடு.

– அழுறியாக்கா?

– தின்னர் நெடி. கண்ணு எரியும்.

– நாளன்னிக்கு நம்ம துறைக்காரங்க எல்லாரும் கூடுறாங்க. நான் செஞ்சதை அவங்க முன்னாடி சொல்லப் போறேன். பட்டியலை உருவாக்கினவங்கள்ல முதல் பேரு உன் பேரு. அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா முப்பத்தேழு மாறிக்கிட்டு வருதுன்னு சொன்னா ஏத்துக்கமாட்டாங்கக்கா. உன் கடைசி அளவுக்கும் எங்க முதல் அளவுக்கும் நடுவுல பதினாலு வருஷம் வெறுமையா கிடக்கு. மெதுவா ஏறுச்சா, ஒரே நாள்ல குதிச்சுச்சா, இல்ல நீதான் அன்னைக்குத் தப்பா அளந்தியான்னு கேப்பாங்க. அத்தனை வருஷமும் அந்த மூலையை யாருமே பாக்கல. நான் எதை வச்சு நிரூபிப்பேன்?

– என் கருவியை வேண்டாம்னு கழிச்சுக் கட்டினீங்களே, யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு கேட்டியா?

– யாரோ பழைய சாமான் வாங்குறவங்கன்னு சொன்னாங்க. ஏன்?

– ஷட்டரை இறக்கிட்டு மொட்டைமாடிக்கு வா, கருவி அங்கதான் நிக்குது. முப்பத்தேழோட பதினாலு வருஷ அளவும் அங்க இருக்கு, பத்தொன்பது நோட்டு. நட்சத்திரத்துக்காக ஆரம்பிச்சேன்னு நினைச்சுக்காதே. என் கை நிஜமாவே நடுங்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ல?