கசப்பு இல்லை

முதலில் ஒரு திருத்தம். உங்கள் எழுத்தர் எல்லா இடத்திலும் ‘பாசி’ என்று தட்டியிருக்கிறார். லைக்கன் பாசி இல்லை ஐயா. பூஞ்சையும் பாசியும் ஒரே உடம்பாகச் சேர்ந்து, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்து வாழ்கிற உயிர் அது. இந்த வாக்குமூலத்தின் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

உலர்தாவரக் காப்பகத்தில் என் வேலையே பெயர்களைக் காப்பாற்றுவதுதான். ஒரு லைக்கனுக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர் எந்தத் துண்டைப் பார்த்து வைத்தாரோ அதுதான் மூல மாதிரி. அதைக் காகித உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்போம். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உறையைத்தான் பிரிப்பார்கள். ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால் பழைய பெயர் நிற்கும், புதியது செத்துப்போகும். இதில் தாட்சண்யமே கிடையாது.

வாழ்நாளில் நான் வைத்தது ஒரே ஒரு பெயர். என் மனைவி இறந்த பிறகு அவள் பெயரை ஒரு லைக்கனுக்கு வைத்தேன். சாம்பல் நிறம், மேலே வெள்ளைப் பொடி, நாக்கில் வைத்தால் நல்ல கசப்பு. எங்கள் அலமாரியிலிருந்த பழைய இனம் ஒன்றும் பார்வைக்கு அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். வித்தியாசத்தை நான் ஒரே வரியில் எழுதினேன்: பழையதில் கசப்பு இல்லை. அந்த வரியை நம்பித்தான் அவள் பெயர் நின்றது.

நாக்கா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சில இனங்களைப் பிரித்தறிய அதுதான் வழி. கடுகளவு துணுக்கை நுனிநாக்கில் வைத்து, லேசாக மென்று, துப்பிவிடுவோம். சில பழைய உறைகளில் மட்டும் சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் விஷம் தடவிய மாதிரிகள் அவை. அவற்றை யாரும் வாய்ப்பக்கம் கொண்டுபோவதில்லை. முத்திரை இல்லாத உறையை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

என் மைத்துனன், அவளுடைய தம்பி, அதே காப்பகத்தில்தான் வேலை பார்த்தான். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மூல மாதிரிகள் எல்லாவற்றையும் பிரித்து, படமெடுத்து, அளந்து, சோதித்து, உலகமே கணினியில் பார்க்கும்படி ஆவணப்படுத்துகிற பொறுப்பு அவனிடம் வந்தது. அதற்கும் சிபாரிசு செய்தவன் நானேதான்.

ஒரு நாள் காலையில் என் மேசைக்கு வந்தான். "அத்தான், அக்கா பேரு நிக்காது போலிருக்கே. பழசும் கசக்குது."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் குரலை உயர்த்தவில்லை. நாக்கு ஆளுக்கு ஆள் மாறும், அவசரப்பட்டு எழுதிவிடாதே, மறுபடி பார் என்றேன். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். தேநீர் அறையில் போய் எல்லோரிடமும் அள்ளிவிட்டான். சொந்த அக்கா பெயரையே சாகடிக்கிறாயே என்று யாரோ கிண்டல் செய்ததற்கு, "அக்கா இருந்திருந்தா முதல் ஆளா அவளே அடிச்சுப் போட்டிருப்பா" என்றானாம். அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கே பாடம் நடத்துகிறான்.

அன்றைக்கு அவன் சாப்பிடப் போயிருந்தபோது அந்தப் பழைய இனத்தின் உறையை எடுத்தேன். கிடங்கில் அந்தக் காலத்துப் புட்டிகள் இன்னும் இருந்தன, வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. விஷம் தடவினேன், முத்திரை குத்தவில்லை. காப்பக விதிப்படி அது பெரிய தவறு. அதை மறுக்க மாட்டேன்.

பிறகு நான் செய்ததெல்லாம் சந்தேகப்பட்டதுதான். ஓரம் மட்டும் போதாது, நடுப்பகுதியைப் பார் என்றேன். பார்த்தான். பொடி உதிர்ந்த இடத்தைப் பார் என்றேன். அதையும் பார்த்தான். "கசக்குதுதான் அத்தான். ஆனா வாயில இரும்பு மாதிரி ஒரு ருசி. நாக்கே செத்துப்போச்சு, ரெண்டு நாள் விட்டுப் பாக்குறேன்" என்றான். நாக்கு சரியானதும் திரும்ப வந்து உறையைப் பிரித்தான். அவ்வளவு நேர்மை. எனக்கு ஆத்திரமே அந்த நேர்மையின் மேல்தான். கசக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். குடும்பத்துக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல மனம் வரவில்லை அவனுக்கு.

ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். கண்டதையும் தின்பான் என்றேன். முகம் வீங்கிக் கிடந்த நிலையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எழுதிடாதீங்க அத்தான், இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். சரி என்றேன். மறுநாள் போய்விட்டான்.

உறையை நீங்கள் சோதித்துவிட்டீர்கள், நான் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கேள்விகள் எல்லாம் அவனைப் பற்றியே இருக்கின்றன. அவன் தேநீர் அறையில் சொன்னது சரிதான். முதல் ஆளாக அவளேதான் அடித்துப் போட்டாள். அந்த லைக்கனுக்கு அப்போது என் ஆசிரியர் பெயரை வைப்பதாக இருந்தேன். எழுதிய தாள்கள் வீட்டு மேசையில் கிடந்தன. அவளும் ஒரு காலத்தில் எங்கள் காப்பகத்தில் வேலை பார்த்தவள்தான். படித்துவிட்டு, "இது புதுசே இல்லைங்க. பழசும் கசக்கும், நான் பாத்திருக்கேன். அனுப்பாதீங்க, நாலு பேரு சிரிப்பாங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புத்தான் அவள் தம்பிக்கும்.

அவளையும் மறுபடி பார்க்கச் சொன்னேன். உறையைத் தேடி அவள் அலைய வேண்டாமென்று துணுக்குகளை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளும் சலிக்காமல் பார்த்தாள். அப்போது எனக்கு அளவு பிடிபடவில்லை, அதனால் மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அவ்வளவு நாளும் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்தேன். அவள் போன பிறகு ஆசிரியரின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினேன். மனைவிக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.