ஏழு கிலோ

சனிக்கிழமை பின்னேரம், கடல் கடந்த ஊரான டூங்கபியில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் மூவர். வீட்டுக்காரர் தேவராஜா; வயது எழுபத்திரண்டு; இருபத்தாறு வருடம் இந்த ஊரில் தபால் பொதிகளை நிறுத்துப் பிரித்தவர். அவருடைய தங்கையின் மகன் அருந்தவன். பதின்மூன்று வருடத்தின் பின் முதல் தடவையாக, அடுத்த நாள் திருச்சிக்கு விமானம் ஏற இருந்தவர். ஐந்து மணிக்குப் பிறகு வந்த எதிர்வீட்டு விஜயா. நான்காவது ஆள் எவரும் அங்கே இருக்கவில்லை. தாங்கள் நேரில் கேட்டதாகச் சொல்கிறவர்கள் கேட்கவில்லை.

தேவராஜா: ...உதைக் கொண்டு பிளேனில ஏறப் போறியோ. சந்தைக்குப் போற பை மாதிரிக் கிடக்கு.

அருந்தவன்: முப்பத்தெட்டு லீற்றர், மாமா.

தேவராஜா: லீற்றரோ. உதுக்குள்ள என்ன தண்ணியே ஊத்திக் கொண்டு போகப் போறாய்.

அருந்தவன்: முதுகுப் பையை அப்பிடித்தான் அளக்கிறவை.

தேவராஜா: தா இஞ்சை, சாமானை ஒருக்கா வெளியில எடுத்து வை... ம்... வெறும் பை மட்டும் ஆயிரத்து முந்நூறு கிராம்.

அருந்தவன்: ஆயிரத்து இருநூற்றெண்பது எண்டு கடையில எழுதியிருந்தது.

தேவராஜா: எழுதினவன் குறைச்சு எழுதியிருக்கிறான். என்ர கை பொய் சொல்லாது. பிறகு உள்ளுக்கு என்ன திருப்பி வைக்கிறாய்?

அருந்தவன்: ரெண்டு சேட்டு. ஒரு காற்சட்டை. ஒரு சாறம். பல்லுத் தீட்டுற சாமான். போன் சார்ஜர். பிள்ளைக்குப் புத்தகம், மூண்டு கிலோவுக்கு மேல.

தேவராஜா: சப்பாத்து?

அருந்தவன்: காலில.

தேவராஜா: துவாய்?

அருந்தவன்: இந்தா, இதுதான். கைலேஞ்சியளவுக்கு மடியும்.

தேவராஜா: உதால தலை துடைக்கலாமோ.

அருந்தவன்: எனக்குத் துடைக்கத் தலையில என்ன மாமா கிடக்கு.

தேவராஜா: பகிடி விடாதை... உடுப்பை ஏன் உப்பிடிச் சுருட்டி வைச்சிருக்கிறாய்? பாய் சுருட்டினது போல.

அருந்தவன்: மடிச்சால் இடம் பிடிக்கும். சுருட்டினால் கசங்காது, இடமும் மிஞ்சும். பாரமானதை முதுகோட ஒட்டின பக்கம் வைக்கோணும். அப்ப தோள் இழுக்காது.

தேவராஜா: இதெல்லாம் ஆர் சொன்னது?

அருந்தவன்: கடைக்காரப் பிள்ளை. மூண்டு தரம் போனனான், பொறுமையாச் சொல்லித் தந்தது.

தேவராஜா: ஒரு பை வாங்க மூண்டு தரம். சரி. இப்ப வாசல் பக்கம் திரும்பிப் பார்.

அருந்தவன்: பாத்தனான்.

தேவராஜா: ரெண்டு சூட்கேஸ். நேற்றுப் பரமட்டாவில வாங்கினது. ஒவ்வொண்டுக்கும் நாலு சில்லு.

அருந்தவன்: என்ர ரிக்கெற்றுக்கு ஏழு கிலோதான் மாமா. அதுவும் கையில கொண்டு போறதுக்கு.

தேவராஜா: அதை மாத்தலாம்.

அருந்தவன்: மாத்தி என்னத்தைப் போடுறது? என்னட்டை இருக்கிற எல்லாமே இதுக்குள்ள கிடக்கு.

தேவராஜா: போட ஒண்டும் இல்லாட்டிலும் பரவாயில்லை.

அருந்தவன்: ...வெறுமையாவோ?

தேவராஜா: நாளைக்குக் காலமை வழியனுப்பக் கோயில் சனம் வரும். கிருஷ்ணசாமி வருவார். கமலினி வருவா. சுகிர்தன் வானோட வருவான். அவைக்கு முன்னால ரெண்டு சூட்கேஸ் வானில ஏறோணும். நீ உள்ள போன பிறகு நான் திருப்பிக் கொண்டு வாறன்.

அருந்தவன்: வெறும் சூட்கேஸை நாங்கள் ரெண்டு பேரும் மூச்சு வாங்கித் தூக்கோணுமோ?

தேவராஜா: பழைய பேப்பர் கராஜுக்குள்ள கிடக்கு.

அருந்தவன்: எத்தினை கிலோ வைப்பம்?

தேவராஜா: இருபத்திரண்டு. பிளேனில விடுற அளவு, சரியா இருபத்து மூண்டு எண்டால் சந்தேகம் வரும்.

அருந்தவன்: மாமா, நான் கேலியாக் கேட்டனான்.

தேவராஜா: நான் கேலியாச் சொல்லேல்லை. பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு மனிசி தர்சினியிட்டையும் பிள்ளையிட்டையும் போற ஆள் தோளில ஒரு பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டால் சனம் என்ன விளங்கிக்கொள்ளும்?

அருந்தவன்: உள்ளதை விளங்கிக்கொள்ளும்.

தேவராஜா: அதுதான் வேண்டாம் எண்டுறன். எங்கட குடும்பத்தில அப்பிடி ஒண்டு இதுவரைக்கும் நடக்கேல்லை. உன்ர அம்மா இருந்திருந்தால்...

அருந்தவன்: அம்மா இருந்திருந்தால் தர்சினி பக்கம்தான் கதைச்சிருப்பா.

தேவராஜா: அது உண்மைதான்.

அருந்தவன்: கோயிலில நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

தேவராஜா: நான் ஒண்டும் சொல்லேல்லை. அவை தாங்களாக் கதை கட்டிக்கொண்டு வந்து கேட்டினம். நான் மறுக்கேல்லை. அவ்வளவுதான்.

அருந்தவன்: மறுக்காமல் சிரிச்சனீங்களோ?

தேவராஜா: நான் சிரிக்கிற ஆளோ?... தலை ஆட்டினனான்.

அருந்தவன்: சரி.

தேவராஜா: அந்த அலுவலைத் தபாலில முடிச்சிருக்கலாம். பதிவுத் தபால். பத்து நாளில போய்ச் சேரும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.

அருந்தவன்: பதின்மூண்டு வருசம் தபாலிலயும் போனிலயும்தானே மாமா குடும்பம் நடத்தினனான். இதை மட்டுமாவது நேரில போய்ச் செய்யிறன். இஞ்சை நிரந்தரமா இருக்கிற விசாவும் போன மாசம்தானே கிடைச்சது. முந்தியெண்டால் போனால் திரும்ப விட்டிருக்க மாட்டினம்.

தேவராஜா: அவள் வரச் சொன்னவளோ?

அருந்தவன்: இல்லை. வர வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.

தேவராஜா: எங்க தங்கப் போறாய்?

அருந்தவன்: பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில ஒரு லொட்ஜ். அஞ்சு நாள். வாற சனிக்கிழமை இஞ்சை நிப்பன்.

தேவராஜா: இந்த வெள்ளைச் சேட்டு எதுக்கு? ஸ்திரி போட்டுச் சுருட்டியிருக்கிறாய்.

அருந்தவன்: புதன்கிழமைக்கு.

தேவராஜா: ...ம். புதன்கிழமை. சரி, பையைப் போட்டுக் காட்டு.

அருந்தவன்: இப்ப ஏன்?

தேவராஜா: போடு எண்டுறன்... திரும்பு... மற்றப் பக்கம். அருந்தவன், இது உனக்குக் கட்டை.

அருந்தவன்: அப்பிடித்தான் இருக்கும்.

தேவராஜா: எப்பிடி அப்பிடித்தான் இருக்கும்? இடுப்புப் பட்டி இடுப்பில நிக்கோணும். இது நெஞ்சுக்குக் கீழ நிக்குது. மூண்டு தரம் போய் அளந்து வாங்கின ஆளுக்கு இதுகூடத் தெரியேல்லையோ.

அருந்தவன்: அளந்துதான் வாங்கினது.

தேவராஜா: ஆரை அளந்து? உன்னைத்தான் கேக்கிறன்.

அருந்தவன்: ஹரிப்பிரியாவை.

தேவராஜா: பிள்ளையையோ?

அருந்தவன்: பள்ளிக்கூடத்தால மலைக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். மூண்டு நாள் நடக்கோணும். நல்ல பை இல்லை எண்டு சொன்னவள். என்னட்டை அவள் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் இது. கடைக்காரப் பிள்ளை சொல்லிச்சுது, ஆளின்ர உயரம் முக்கியமில்லை, முதுகின்ர நீளம்தான் கணக்கு எண்டு. தலையைக் குனிஞ்சால் கழுத்தில ஒரு எலும்பு துருத்தும். அதில இருந்து இடுப்பெலும்பு வரைக்கும். அவளைத் தாயிட்டைச் சொல்லி அளந்து அனுப்பச் சொன்னனான்.

தேவராஜா: எவ்வளவு?

அருந்தவன்: நாப்பத்தொரு சென்ரிமீற்றர்.

தேவராஜா: ...நீ வரேக்க எவ்வளவு இருந்திருப்பாள்?

அருந்தவன்: ரெண்டு வயசு. ஆர் அளந்தது.

தேவராஜா: அப்ப திரும்பி வரேக்க உன்ர உடுப்பு எதுக்குள்ள வரும்?

அருந்தவன்: பையின்ர அடியில ஒரு பச்சை ஷொப்பிங் பை மடிச்சு வைச்சிருக்கிறன்.

தேவராஜா: வில்லாவுட் தடுப்பு முகாமால விட்டபோதும் இந்த வீட்டுக்கு ஒரு பிளாஸ்ரிக் பையோடதான் வந்தனீ.

அருந்தவன்: அப்ப நீங்கள் அதை வாங்கிக் குப்பைக்குள்ள போட்டனீங்கள். உடுப்பையும் சேர்த்து.

தேவராஜா: உடுப்பு உள்ளுக்குக் கிடந்தது எனக்குத் தெரியாது... பெல் அடிக்குது. எதிர்வீட்டுப் பிள்ளை போல. கேள், அந்த அலுவலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கப்படாது.

அருந்தவன்: நான் கதைக்க மாட்டன். நீங்கள் தலையை ஆட்டாமல் இருங்கோ.

விஜயா: அங்கிள், உள்ள வரலாமா? தம்பி நாளைக்குக் கிளம்புறார்னு கேள்விப்பட்டேன்.

தேவராஜா: வாங்கோ விஜயா. கதிரையில இருங்கோ. தேத்தண்ணி?

விஜயா: வேண்டாம் அங்கிள், அடுப்புல குழம்பு இருக்கு. ரெண்டு நிமிஷம்தான். தம்பி, ஒரு சின்ன பார்சல்... எங்கம்மா ஸ்ரீரங்கத்துல இருக்காங்க. உங்களுக்கு அது வழிதானே.

அருந்தவன்: ஓம் அக்கா, பக்கம்தான்.

விஜயா: மீன் எண்ணெய் மாத்திரை, ரெண்டு டப்பா. முட்டி வலிக்கு. அரைக் கிலோகூட இருக்காது.

தேவராஜா: இஞ்சை தாங்கோ... எழுநூற்றைம்பது.

விஜயா: கையிலயே சொல்லிட்டீங்களே.

தேவராஜா: என்ர வேலை அது.

விஜயா: வாசல்ல பாத்தேன், எவ்ளோ பெரிய பெட்டி. அதுல ஒரு ஓரத்துல வச்சாலே போதும் தம்பி. நானே கொண்டுபோய் வைக்கட்டுமா?... என்ன இது, விரலால தள்ளினாலே ஓடுது.

தேவராஜா: நல்ல சில்லு.

விஜயா: நல்ல சில்லுதான். நான் நிறைஞ்சிருக்கும்னு நினைச்சேன்.

தேவராஜா: இன்னும் அடுக்கி முடியேல்லை.

அருந்தவன்: மாத்திரையை என்னட்டைத் தாங்கோ அக்கா. முதுகுப் பைக்குள்ள வைக்கிறன். கைக்குக் கிட்ட இருக்கும்.

விஜயா: பத்திரமா இருக்கும்ல? சரி. அப்புறம்... இது தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஒரு புடவை.

அருந்தவன்: ஏன் அக்கா இதெல்லாம்.

விஜயா: இருக்கட்டும். மேய்ஸ் ஹில் கோயில்ல போன வாரம் எல்லாரும் பேசிக்கிட்டாங்க, நீங்க அவங்களையும் பொண்ணையும் கூட்டிட்டு வரப் போறீங்கன்னு. நான் அங்கிள்கிட்டயே கேட்டேன். ஆமான்னார்.

தேவராஜா: நான் ஆமா எண்டு சொல்லேல்லை.

விஜயா: தலை ஆட்டினீங்களே அங்கிள். பச்சைக் கலர் அவங்களுக்குப் பிடிக்குமா தம்பி? இங்க வந்து இறங்குறப்ப இதைக் கட்டிக்கட்டும். நான் ஏர்போர்ட்டுக்கு வருவேன்.

அருந்தவன்: பச்சை... பிடிக்கும் அக்கா. நல்ல சீலை. தாங்கோ, வைக்கிறன்.

விஜயா: இடம் இருக்கா அதுல? துணியெல்லாம் வெளிய எடுக்கறீங்க.

அருந்தவன்: ஏழு கிலோதானே விடுவினம். சீலை அரைக் கிலோ வரும் போல.

தேவராஜா: அறுநூற்றிருபது.

அருந்தவன்: அப்ப நீலச் சேட்டோட சாறத்தையும் விட்டுட்டுப் போறன்... மாத்திரையும் இருக்குது. இதையும் எடுத்தால் சரி வரும்.

தேவராஜா: அது புதன்கிழமைச் சேட்டு.

அருந்தவன்: போட்டிருக்கிறதைத் தோய்ச்சுப் போடலாம் மாமா.

விஜயா: புதன்கிழமை என்ன விசேஷம்? தூதரகத்துல இன்டர்வியூவா?

அருந்தவன்: அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா.

விஜயா: எங்க மாமியாருக்கு விசா எடுக்கறப்ப எட்டு மாசம் அலைஞ்சோம். உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கணும். அங்கிளும் பாவம், இந்த வீட்டுல ஒரு குழந்தை சத்தம் கேட்டு எவ்ளோ வருஷம். மேல் ரூம் பெயிண்ட் அடிச்சாச்சான்னு கமலினி அக்காகூடக் கேட்டாங்க.

அருந்தவன்: ...ஓம் அக்கா.

தேவராஜா: அருந்தவன், வெள்ளைச் சேட்டைத் திருப்பி உள்ள வை.

அருந்தவன்: பரவாயில்லை மாமா, அவ ஆசையாக் கொண்டு வந்தவ...

தேவராஜா: வை எண்டுறன். சாறத்தையும் வை. விஜயா, நீங்கள் கோயிலில கேட்ட கதை பிழை. இவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரப் போகேல்லை. தர்சினி இவரை விட்டு விலகப் போறா; வேறை வாழ்க்கை பாக்கிற வயசு அவவுக்கு இன்னும் இருக்கு, கேட்டது பிழையில்லை. புதன்கிழமை லோயர் ஒருத்தற்றை கந்தோரில இவர் விவாகரத்துப் பத்திரத்தில கையெழுத்து வைப்பார். சனிக்கிழமை தனியத் திரும்பி வருவார். இந்தப் பை மகளுக்கு. மாத்திரை போகும், சீலை போகாது. கமலினி கேட்டால் இப்பிடியே சொல்லுங்கோ, நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. வாசலில கிடக்கிற சூட்கேஸ் ரெண்டும் வெறுமை. நான்தான் வாங்கி வைச்சனான்.