நீல மூட்டை, வெள்ளை மூட்டை

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு ஊதிக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாகக் கறவை மாட்டுத் தீவனத்தை ஆராய்ச்சி செய்கிறவனுக்குக் கடவுள் கொடுத்த வயிறு இது. மலாக்கா பக்கம் செலண்டாரில் வடிவேலு அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி குஞ்சம்மாக்கா எனக்கு மட்டும் மறக்காமல் பால் சேர்க்காத தே ஓ போட்டுத் தருவார். நல்ல மனிதர்கள். இதை வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குகன் நன்றி கெட்டவன் என்று பிறகு பேச்சு வரக் கூடாது.

அண்ணனிடம் இருந்தவை இரண்டே மாடுகள். ஒரே ஈற்றில் பிறந்த இரட்டைகள், வள்ளி, தெய்வானை. வடிவேலு என்று பேர் உள்ளவர் வேறு என்ன பேர் வைப்பார்? தோட்டத்து வேலை போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தப் பாலால்தான். மரபணுச் சோதனை செய்து பார்த்தோம், இரண்டும் அச்சு அசல் ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு ஜோடி கிடைப்பது குதிரைக் கொம்பு. ரத்தம் ஒன்று என்பதால், தீவனத்தை மாற்றிக் கொடுத்தால் பாலில் தெரிகிற வித்தியாசம் முழுக்கத் தீவனத்தின் வேலைதான்.

திட்டம் சுலபமானது. வள்ளிக்கு நீல மூட்டை, யூரியா கொஞ்சம் கலந்த, எண்ணெய் பிழிந்த செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. தெய்வானைக்கு வெள்ளை மூட்டை, வெறும் புண்ணாக்கு. கலக்காமல் தனித்தனியாகப் போடுவதாக அண்ணனும் அக்காவும் வாக்குக் கொடுத்தார்கள். யூரியா அளவாகச் சேர்ந்தால் பால் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, இது அமிர்தமும் இல்லை. மாடு சில மணி நேரத்தில் வயிறு ஊதிச் செத்துவிடும்.

ஆறு மாதம் ஆகியும் இரண்டும் ஒரே அளவு கறந்தன. ஒரு நாள் சொல்லாமல் போனேன். குஞ்சம்மாக்கா இரண்டு மூட்டையையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கிளறி, பாதி பாதியாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

மேலதிகாரி பரமேஸ்வரனிடம் சொல்லியிருந்தால் ஆறு மாத வேலையைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பார். ஜூலையில் கோலாலம்பூர் மாநாட்டில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும், அழைப்பிதழில் பேர் அச்சாகிவிட்டது. அதனால் அடுத்த நீல மூட்டையில் யூரியாவை நான்கு மடங்காக்கினேன். பாதி பாதியாகப் பிரித்தாலும் ஆளுக்கு இரண்டு மடங்கு போய்ச் சேரும், இரண்டும் கூடுதலாகக் கறக்கும். தெய்வானையின் பால் அளவை மட்டும் கூடாதது போலப் பழைய கணக்கிலேயே நான் எழுதிக்கொள்வேன். இதை ஏமாற்று என்பீர்கள். கொடுத்த வாக்கை அவர்கள் மீறியதால் வந்த குறையை நான் நிவர்த்தி செய்தேன், அவ்வளவுதான்.

மூட்டையை இறக்கி வைத்த அதே காலையில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டோம் லா. ரெண்டு மூட்டையையும் கலந்துதான் போட்டோம். கூடப் பொறந்ததுங்க, ஒரு கண்ணுல வெண்ணெ, ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்க மனசு வரல. படிச்ச புள்ள, நம்ம மேல நம்பிக்கை வச்சு வருதேன்னு உங்க அக்கா தெனமும் அழுவுறா. இன்னியிலேருந்து நீங்க சொன்னபடியே வள்ளிக்கு மட்டும்தான் நீலம்."

மூட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அவர் கேட்பாரே. அத்தனை நேர்மையாகப் பேசுகிற மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நல்லதுண்ணே," என்று சொல்லிவிட்டுத் தே ஓவைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் விடிவதற்குள் வள்ளி போய்விட்டது. நான் போனபோது அண்ணன் அதன் ஊதிய வயிற்றில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். பிரித்துப் போட்டதால்தான் போய்விட்டாள், பாரபட்சம் பார்த்த பாவம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மறுக்கவில்லை. அடுத்தவர் நம்பிக்கையில் தலையிடுவது அநாகரிகம். மிச்சமிருந்த நீல மூட்டையை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நீல மூட்டை தின்ற மாடு மட்டும் சாகிறது, வெள்ளை மூட்டை தின்ற மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. சின்னப் பிள்ளைகூட நீல மூட்டையைத்தான் கைகாட்டும். இரண்டும் போய்விட்டால் அது கொட்டகைக்கு வந்த நோய், யார் மேலும் குற்றம் இல்லை.

மூன்றாம் நாள் புது வெள்ளை மூட்டையோடு போனேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "இது வெறும் புண்ணாக்குதானே தம்பி? இவ ஒருத்திதான் மிச்சம்," என்றார்.

"வெறும் புண்ணாக்குதான்கா," என்றேன்.

அன்றைக்கும் எனக்குத் தே ஓ கொடுத்தார்.

அன்றிரவே தெய்வானையும் போய்விட்டது. அந்த வெள்ளை மூட்டையை அக்கா தூக்கிப் போடாமல், அடியில் ஒட்டிய மிச்சத்தோடு மடித்து வைத்திருந்தது, சோதித்துப் பார்க்க உங்களுக்கு வசதியாகிவிட்டது. வள்ளி விபத்து என்றே வைத்துக்கொண்டாலும் தெய்வானை என்ன பாவம் செய்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கக் கூடாது என்பதை அந்த வீட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன். இரண்டு மூட்டையிலும் ஒரே அளவு யூரியாதான் போட்டேன். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.